விட்டுப்போன வில்லை

முந்நூற்றுப் பதினேழு வில்லைகளில் பிரித்த அத்தனையும் பளபளத்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. முதலில் எடுத்த உறையைப் பிரித்தபோது, வேறு யாருடைய பெட்டியையோ மாற்றித் தூக்கி வந்துவிட்டோம் என்றுதான் அமலோற்பவம் நினைத்தாள். இரண்டாவதைப் பிரித்தாள், மூன்றாவதை, அப்புறம் ஏழெட்டை ஒரேயடியாகக் கண்காட்சி மேசைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்தாள். உறைகளில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான். எண்கள் அவள் போட்டவைதான். வரிசைகூடக் குலையவில்லை. உள்ளே இருந்தவைதான் திருவிழாவுக்குத் தேய்த்துவைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தன. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் செப்பு வில்லை நூறு வருஷத்துப் பழுப்பு ஏறிக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது, இப்போது நேற்று அடித்ததுபோல் இளஞ்சிவப்பாக அவளைப் பார்த்து இளித்தது. நகராட்சி ஒரு காலத்தில் நாய்க் கழுத்தில் மாட்டிவிட்ட நாய்வில்லை, சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டின் முக்கோண டோக்கன், கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் பித்தளை வட்டம், ஒரு பக்கத்தை அராவி வழவழப்பாக்கி யாரோ யாருக்கோ இரண்டு எழுத்து செதுக்கிக் கொடுத்த பழைய காலணா, எல்லாமே. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புளி வாசனை. வேறு யார், அந்தப் புளி வாசனைக்குச் சொந்தக்காரர் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சைப் பேப்பரைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையைப் போல.

"எப்படி?" என்றார் அவள் வீட்டுக்காரர் இன்னாசி. பக்கவாதம் வந்ததிலிருந்து வாயின் வலது ஓரம் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிக்கும்.

"நல்லா இருக்குங்க" என்றாள். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், காய்ச்சல் இல்லை என்று, பசிக்கவில்லை என்று, அந்தப் புடவை தள்ளுபடியில் கிடைத்தது என்று. இது மாதிரி ஒரு பொய் சொன்னதில்லை. நாணயம் சேர்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு பாவம்தான் பாவம், அது தேய்ப்பது. நாணயச் சங்கத்தின் சின்னப் புத்தகத்தில் முதல் விதி தேய்க்காதே, இரண்டாவது விதி துடைக்கவும் துடைக்காதே. உலோகத்தின்மேல் வருஷம் போகப் போகப் படிகிற நிறம்தான் அதன் வயசுக்குச் சாட்சி, அதை எடுத்துவிட்டால் திருப்பி வைக்க ஆண்டவராலும் ஆகாது. இதையெல்லாம் அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? இல்லை. தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள், ஆயிரம் தடவை. ஏன் என்று சொன்னதில்லை. அவர் பொன்மலை ரயில் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர், மங்கிக் கிடக்கிற உலோகத்தைக் கண்டால் அவருக்கு யாரோ தன்னைத் திட்டியதுபோல் இருக்கும். சைக்கிள் மணி, கதவுத் தாழ்ப்பாள், சுவரில் தொங்குகிற சிலுவை, இவற்றில் எது அவர் கைக்குத் தப்பியது, இதற்கு மட்டும் எப்படித் தப்பும் என்று அவள் நினைத்தாள், எந்த நம்பிக்கையில் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

மண்டபத்தின் அந்தக் கோடியில் வைத்தியலிங்கம் ஒன்றாம் மேசைக்கு வந்துவிட்டார். சங்கத் தலைவர், கண்காட்சிக்கு நடுவரும் அவர்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி. ஒரு மேசைக்கு மூன்று நிமிஷம் என்றாலும் அவளுடைய பதினான்காம் மேசைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரத்தில் என்ன செய்யமுடியும், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். தலைவலி என்று சொல்லலாம். ஆனால் போன வருஷம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போன அந்தக் கரூர்க்காரரை அவள் மறக்கவில்லை. பாவம், செப்புக்காசுகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து, பட்டுத்துணி விரித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றார். வைத்தியலிங்கம் ஒரு காசை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க? பாத்திரக்கடையில எடைக்குப் போட்டிருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அமலோற்பவமும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்த மனுஷன் பட்டுத்துணியை மடித்தது இப்போது கண்முன் வந்தது, நாலாக மடித்தார், பிறகு எட்டாக, மடிக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று தேடுவதுபோல. அந்தத் துணியை மடிக்கிற கைக்குப் பதிலாக இன்னாசியின் கை வந்து நின்றது, வலது கை, ஏழு மாதமாக மடியில் கிடக்கிற கை. வில்லை போனால் போகட்டும், முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்ததும் போகட்டும். நடுவர் வாயைத் திறந்து இவரிடம் ஒரு வார்த்தை சொன்னால்? இவர் மறுபடியும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இருந்த அந்த மௌனத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால்? அங்கிருந்து வெளியே கூட்டிவர இரண்டு மாதம் பிடித்தது. இன்னொரு தடவை அவளிடம் அதற்குத் தெம்பு இல்லை.

போகட்டும் என்று சொன்னால் போய்விடுகிறதா என்ன. கை தானாக ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது, கூடவே எரிச்சலும் புரண்டது. இதோ இந்தச் செருப்பு டோக்கன், நாற்பத்திரண்டாம் நம்பர், சமயபுரம் கோயில் வாசலில் வாங்கியது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பொம்பளைக்குச் சமயபுரத்தில் என்ன வேலை என்று இவரே அன்றைக்குக் கேட்டார். வேலை அம்மனிடம் இல்லை, செருப்பு ஸ்டாண்டில்தான். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் செருப்பு, செருப்பை விட்டால்தான் டோக்கன், அவள் செருப்பை விட்டாள். புதுச் செருப்பு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ்ஸ்டாண்டு வரை தத்தித் தத்தி வந்தாள், உள்ளங்கால் கொப்பளித்தது, கைக்குள் பித்தளை சுட்டது, அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு அந்த டோக்கனில் எண்ணின் பள்ளங்களுக்குள் கறுப்பு உட்கார்ந்திருந்தது, எத்தனை ஆயிரம் பேரின் கைவியர்வை, நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள், பிள்ளை வேண்டும் என்று வந்தவர்கள். அந்தக் கறுப்பைத்தான் அவள் செருப்பைக் கொடுத்து வாங்கினாள். இந்த மனுஷன் அதைப் புளியில் ஊறப்போட்டு, எதை வைத்து எடுத்தாரோ, ஊசியை வைத்தா, பல்குச்சியை வைத்தா, பள்ளத்தில் ஒரு துளி அழுக்கு மிச்சமில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் இந்த ஒன்றுக்கு மட்டும். அவள் எரிச்சல் அந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம்? எந்தக் கையால்?

புளி. போன மாதம் இரண்டு தடவை புளி தீர்ந்துபோனது. இரண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் அரைக்கிலோ புளி பத்து நாளில் காணாமல் போகுமா, அவள் பக்கத்து வீட்டுக்காரியைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள், ஆண்டவரே மன்னியும். பிறகு இவர் நகக்கண்ணில் கறுப்பைப் பார்த்தாள். விரலைப் பிடித்து முகர்ந்தாள். "புளியைத் திருடித் தின்னுறீங்களா? டாக்டர் சொன்ன பத்தியம் என்ன, நீங்க பண்ற வேலை என்ன?" என்று பொரிந்து தள்ளினாள். இவர் சிரித்தார், அந்தத் தாமதமான சிரிப்பு, பேசாமல் வாங்கிக்கட்டிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் மருந்துக்கடைக்கு பில் போடப் போவாள், ஆறு மணிக்குத் திரும்புவாள், அந்த நாலு மணி நேரமும் இவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்குப் பத்து என்றாலும் ஒரு மாதம். கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியை இழுத்து, உறையைக் கிழியாமல் பிரித்து, எடுத்து, தேய்த்து, கழுவி, துடைத்து, அதே உறைக்குள் அதே எண்ணில் போட்டு. கண்காட்சிக்கான விவரச்சீட்டு எழுதின அன்றைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "நிலைன்னு ஒண்ணு போட்டிருக்கே, அதுக்கு என்ன எழுதுவ?" என்று கேட்டாரே. "எப்படி இருக்குன்னு எழுதணும்" என்றாள். "நல்லா எழுது" என்றார். அந்தக் கண்காட்சிக்கு நீ போய்த்தான் ஆகணும் என்று பிடிவாதம் பிடித்தவரும் இவர்தான். சீட்டு இதோ மேசை முன்னால் குத்தி நிற்கிறது. பெயர், பொருள், எண்ணிக்கை, உலோகம். நிலை: தேய்க்காதது, துடைக்காதது. நீல மையில், அவளுடைய உருண்டை எழுத்தில்.

நான்காம் மேசையில் வைத்தியலிங்கம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி மேலே டக் டக் என்று அடித்துக்கொண்டது. இன்னாசி, "சார் எப்ப நம்ம கிட்ட வருவாரு?" என்று கேட்டார். "வருவாருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" பாட்டிலின் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். அவர் குடித்தார். கைக்குட்டையால் அவர் தாடையைத் துடைத்தாள். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டதும் அவள்தான், இட்லியைப் பிட்டு ஊட்டியதும் அவள்தான். அவர் கை நீளும் முன்பே அவள் கை நீண்டுவிடும், ஏழு மாதமாக இதே கதை. நிலோஃபர் என்று ஒரு பிசியோதெரபி பெண் நாலு மாதம் வந்துகொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு ரூபாய்க் காசைத் தட்டையாக வைத்து, "ஐயா, எடுங்க" என்பாள். எடுக்க வராது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடும், காசின் இரண்டு பக்கமும் போய் நிற்கும், சேராது. கடைசியில் இவர் கள்ளத்தனமாகக் காசை மேசை விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய் இடது கையில் விழவிடுவார். "இழுக்கக் கூடாதுங்க ஐயா. கிள்ளி எடுக்கணும். நம்ம உடம்புல இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை, நடக்கிறதைவிட" என்பாள் அந்தப் பெண். முப்பத்தெட்டு வருஷம் ரயிலைப் பிரித்து மாட்டிய கைக்கு ஒரு ரூபாய்க் காசு பாறாங்கல்லாக ஆகிவிட்டது. நிலோஃபர் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் இவர் இழுத்துக்கொண்டுதான் இருந்தார். அமலோற்பவம் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அந்தக் காசு மேசையில் உரசிக்கொண்டு நகரும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டது. ஆக, வில்லையை உறையிலிருந்து இடது கையில் கவிழ்த்திருப்பார், இடது கையாலேயே தேய்த்திருப்பார். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி?

கைப்பையின் சின்ன அறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. ஒவ்வொரு நாளும் நாலைந்து தடவை தொட்டுப் பார்ப்பாள், ஜெபமாலையைத் தொடுவதுபோல, ஆனால் அது ஜெபமாலை இல்லை. அது ஏழாம் நம்பர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வாட்ச்மேன் கொடுத்த பித்தளை வில்லை, ஓட்டையில் பச்சை நூல். ஒரு படுக்கைக்கு ஒரு வில்லை, ஒரு ஆள். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பதினோரு நாள் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அது கறுத்து எண்ணெய்ப்பசையாக இருந்தது. முதல் நாள் அவளுக்குள் இருந்த சேகரிப்பாளர் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தாள், நல்ல பழசு, கையால் வெட்டின எண் என்று. அடுத்த நாள்தான் அது எப்படிக் கறுத்தது என்று உறைத்தது. எத்தனை பெண்டாட்டி, எத்தனை அம்மா, எத்தனை உள்ளங்கை. மூன்றாம் நாள் எட்டாம் நம்பர்க்காரி, மணப்பாறைப் பக்கத்துப் பெண், வில்லையை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். வாட்ச்மேன் அதை ஆணியில் மாட்டினார். சாயங்காலம் அதே எட்டை எடுத்து வேறொருத்தியிடம் கொடுத்தார். அவ்வளவுதான். வில்லை திரும்பி வந்தால் படுக்கை காலி, படுக்கை காலி என்றால் அதற்கு ஆள் வேண்டும். இவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கூட்டி வந்த அன்றைக்கு, வாட்ச்மேன் ஏதோ போனில் பேசிக்கொண்டிருந்தார், அவள் வில்லையைக் கொடுக்கவில்லை. மறக்கவில்லை, கொடுக்கவில்லை. அது ஆணிக்குத் திரும்பினால் ஏழாம் படுக்கை இவரைத் திரும்பக் கூப்பிடும் என்று ஒரு பயம். படித்தவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், யாரிடம் சொல்வது இதை. எத்தனையோ இடத்தில் எத்தனையோ வில்லையை லவட்டியவள்தான். ஆனால் இதற்கு உறை போடவில்லை, எண் போடவில்லை, பெட்டியில் வைக்கவில்லை. வைத்தால் அது ஒரு சேகரிப்பாகிவிடும். நடந்து முடிந்ததைத்தான் சேகரிக்கமுடியும், இது முடிந்ததா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

வைத்தியலிங்கம் ஒன்பதாம் மேசைக்கு வந்தபோது அவள் ஒன்றாம் எண் உறையைக் கையில் வைத்திருந்தாள். பிரிக்கவில்லை. இதை மட்டுமாவது விட்டுவைத்திருப்பாரா. விட்டிருக்கமாட்டார், இதைத்தான் முதலில் எடுத்திருப்பார். அது பட்டறை கேன்டீனின் தேநீர் டோக்கன், நடுவில் ஒரு கோப்பை பொறித்தது. அவள் அங்கே டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள், இருபத்திரண்டு வயசு, ஒல்லி. டோக்கனை வாங்கி உள்ளே கொடுத்தால் டீ. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு டோக்கன் குறைந்தது. மேற்பார்வையாளர் கத்தினார். மூன்று மாதம் கவனித்துத்தான் கண்டுபிடித்தாள், மூன்றாம் ஷெட் ஃபிட்டர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை டோக்கன் வாங்குவார், டீ குடிக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஜன்னல் வழியாகப் பிடித்து நிறுத்தி, "ஏங்க, டோக்கனை வெச்சு என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். மறுநாள் அவர் ஒரு கைக்குட்டை முடிச்சை ஜன்னலில் வைத்தார், முகத்தைப் பார்க்காமலே போனார். பிரித்தால் பதின்மூன்று டோக்கன், பதின்மூன்றும் தங்கம்போல. உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். பேசத் தெரியாத ஆள் வேறு என்ன செய்வார். அவற்றை அவள் கேன்டீன் டோக்கன் பெட்டியில் கலந்து போட்டாள், கறுத்த டோக்கன்களுக்கு நடுவே அவை சுற்றிச் சுற்றி ஜன்னலுக்கு வந்தன, யார் யார் கையிலோ, ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கன்னம் சூடாகும். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அதுதான் முதல் திருட்டு, அதுதான் ஒன்றாம் எண், மற்ற முந்நூற்றுப் பதினாறும் அதற்குப் பின்னால் வந்தவைதான். உறையைப் பிரித்தாள். உள்ளங்கையில் விழுந்தது. கண் கூசியது. வருஷக்கணக்கில் அவள் இதைப் பழுப்பாகவே பார்த்துப் பார்த்து, இது பழுப்புதான் என்று நம்பிவிட்டிருந்தாள், பழுப்புதான் இதன் நிறம், அதுதான் இதன் மதிப்பு என்று. ஜன்னலுக்கு வந்த அன்றைக்கு இது இப்படித்தான் இருந்தது. அச்சு அசலாக இப்படியே. அந்தப் பழுப்பை ஏற்றியது காலமும் அவளுடைய கட்டிலடிப் பெட்டியும்தான், அவர் கொடுத்தபோது அது இல்லை. அமலோற்பவத்துக்குச் சட்டென்று அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் மேசை. பேனாவை எடுத்தாள். சீட்டில் 'தேய்க்காதது, துடைக்காதது' என்பதை அடித்தாள். மேலே, 'புளி போட்டுத் தேய்த்தது' என்று எழுதினாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட வேண்டியதுதான், வைத்தியலிங்கம் கத்தினால் தன்னைப் பார்த்துக் கத்தட்டும். பதின்மூன்றாம் மேசை.

வைத்தியலிங்கம் வந்தார். வணக்கம் சொன்னார். கண்ணாடியை உயர்த்திச் செப்பு வில்லையைப் பார்த்தார், நாய்வில்லையைப் பார்த்தார், இன்னும் நாலைந்தைப் பார்த்தார். சீட்டைப் படித்தார். அவர் முகத்தில் வலி தெரிந்தது, உண்மையான வலி, அவள் சேகரிப்பு அவருக்கு அத்துப்படி.

"யாரும்மா தேச்சது இதை?"

"நான்தாங்க சார்" என்றாள், வேகமாக, தயார் செய்து வைத்திருந்ததை. "எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"ஏய்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பொய் சொல்றா சார். நான்தான் தேச்சேன். முந்நூத்திப் பதினேழையும். ஒரு மாசம் ஆச்சு." வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு கொஞ்சம் மடங்கியிருந்தது, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "அவ ஒண்ணைக்கூடத் தொடல. அவளுக்குத் தெரியவே தெரியாது."

வைத்தியலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார், சாய்ந்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார், அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள், எந்த மாதாவிடமும் அப்படிக் கெஞ்சியிருக்கமாட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். செருப்பு டோக்கனை எடுத்து மறுபடி பார்த்தார். "எண்ணுக்குள்ளகூடச் சுத்தமா எடுத்திருக்கீங்க" என்றார். "லேசுப்பட்ட வேலையில்ல."

"தையல் ஊசி சார்" என்றார் இன்னாசி பெருமையாக.

"ம். ஆனா போட்டியில சேர்க்க முடியாதுங்க. தேச்சதைச் சேர்க்கிறதில்ல, அது விதி. மேசை இருக்கட்டும், ஜனங்க வந்து பாக்கட்டும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மதிப்பெண் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார், அவளைப் பார்க்காமல் பதினைந்தாம் மேசைக்கு நகர்ந்தார். மனுஷர் தன்னால் முடிந்தவரை இறங்கி வந்துவிட்டார், அதற்குமேல் அவரால் முடியாது.

ஆக, நடந்துவிட்டது. முக்கால் மணி நேரம் எதைத் தடுக்கப் பார்த்தாளோ அது நடந்துவிட்டது. இன்னாசி தலையைத் திருப்பாமல் வில்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். அவள் அடித்திருந்த வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, படித்தார். உயர்த்தியிருந்த வலது கை மெல்ல இறங்கி மடிக்குப் போனது. அந்த இடத்தில் அது எப்படிப் போய்ப் படுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தேய்க்கவே கூடாதா அமலி?"

"கூடாதுங்க."

"அதான் தொடாதீங்க தொடாதீங்கன்னியா?"

"ஆமா."

"கெட்டுப்போச்சா எல்லாம்?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இவருக்கு உலோகம் தெரியும், பொய்யைச் சுரண்டிப் பார்த்துவிடுவார். "அவங்க கணக்குக்குக் கெட்டுப்போச்சு" என்றாள். ஒன்றாம் எண்ணை அவர் கண்ணெதிரே பிடித்தாள். "இதைப் பாருங்க. ஜன்னல்ல கைக்குட்டையை வெச்சுட்டு ஓடுனீங்களே, அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு. எனக்கே மறந்துபோச்சு. நானும் சேர்த்துத்தான் இதைக் கறுக்க விட்டிருக்கேன்." அவர் பார்த்தார். தலையசைத்தார். கை மடியிலேயே கிடந்தது. வார்த்தையால் ஆகிற காரியம் இல்லை இது, பதின்மூன்று டீ குடிக்காமல் இருந்து காட்டிய ஆளிடம் வார்த்தை எடுபடாது. அமலோற்பவம் கைப்பையைத் திறந்தாள். சின்ன அறைக்குள் விரலை விட்டாள், உள்ளே அது சில்லென்று இருந்தது. வேண்டாம் என்று ஒரு மனசு கத்தியது, வெளியே எடுக்காதே, எடுத்தால் எட்டாம் நம்பர்க்காரி நடந்த மாதிரி நீயும் ஒரு நாள் நடப்பாய். எடுத்தாள். பச்சை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேசைக் கண்ணாடியின் நடுவில், விளிம்புக்கு எட்டாத தூரத்தில், தட்டையாக வைத்தாள்.

"இது ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள். "இதையும் தேச்சுக் குடுங்க."

அவர் வில்லையையே பார்த்தார். பிறகு மடியிலிருந்து கை கிளம்பியது. வலது கை. அவளுடைய கை பழக்கதோஷத்தில் எடுத்துக் கொடுக்க முன்னால் போயிற்று. அதை அவள் இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினாள். கட்டைவிரல் வில்லையின் ஒரு பக்கம் போய் நின்றது, ஆள்காட்டி விரல் இன்னொரு பக்கம். இழுக்கப்போகிறார், கண்ணாடியில் அது உரசப்போகிறது, அந்தச் சத்தத்துக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. நகம் வில்லையின் ஓரத்தில் ஏறியது, வில்லை லேசாக நிமிர்ந்தது, இரண்டு விரலும் சேர்ந்தன. அவர் அதைக் கிள்ளி எடுத்தார். எடுத்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"ஆஸ்பத்திரியோடது. நீங்க உள்ள இருந்தப்ப எங்கிட்ட இருந்துச்சு."

"திருப்பிக் குடுக்கலையா?"

"குடுக்கல."

அவர் கட்டைவிரலால் ஏழின்மேல் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார், சட்டையில் துடைத்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் அதற்கு அவள் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள்.

"ரொம்ப ஊறிப்போன அழுக்கு" என்றார். "ஒரு நாள்ல போகாது. வீட்ல புளி இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் அமலோற்பவம். "நேத்துதான் வாங்கினேன்."